நீல முனை எந்தப் பக்கம்

மே 3, ஞாயிறு

வெக்கை. காற்று இன்னும் தென்மேற்குச் சோழகத்துக்குத் திரும்பவில்லை. மேற்கே அடிவானம் புழுதி நிறம். நயினாதீவு விகாரைக்குப் போகும் வெசாக் கூட்டம் குறைந்துவிட்டது. குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு பேருந்து, ஒரு நாய்.

இந்த மாதத்துக்குள் எடுக்க வேண்டியவை:
உரோகிணி (செம்மஞ்சள்)
றைஜல் (நீலவெள்ளை)
திருவாதிரை (சிவப்பு)

மூன்றும் மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. மாதக் கடைசியில் சூரியனோடு போய்விடும். பிறகு பல மாதங்களுக்கு மாலையில் கிடையாது. சிரியஸும் அகத்தியரும் மாசியிலேயே எடுத்தாயிற்று. ஐந்தும் இருந்தால்தான் சூடான நட்சத்திரத்திலிருந்து குளிர்ந்தது வரை நிறமாலைகளை (இனி நி.மா.) வரிசையாக ஒட்டிப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்கலாம். என் வகுப்பு றெஜினாவும் நானும் ஒக்ரோபரிலிருந்து வேறெதையும் பேசுவதில்லை.

கருவிகள் என்று எழுதவே கூச்சம். லண்டன் மாமா கழித்துவிட்ட கமெரா. வில்லைக்கு முன்னால், மில்லிமீற்றருக்கு ஐந்நூறு கோடு கீறிய பிளாஸ்ரிக் தாள். தாளைப் பிடித்திருப்பது நடுவில் வட்டமாக வெட்டிய மாஜரீன் பெட்டி மூடி. முக்காலி, றெஜினாவின் அப்பா பழைய துடுப்புகளில் அடித்துத் தந்தது. மீன் மணம் போகாது.

தாள் ஒளியைப் பிரித்துப் பக்கத்தில் எறியும். நட்சத்திரம் இருக்கிற இடத்தில் நி.மா. விழாது. கையை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி விழும். அதனால் கமெராவை நட்சத்திரத்துக்கு நேரே வைப்பதில்லை, வலப்புறம் ஒரு சாண் திருப்பி வைப்போம். படத்தில் நட்சத்திரமே இராது. நிற நாடா மட்டும், குறுக்கே கறுப்புக் கோடுகள். றெஜினா இதற்குக் 'கள்ளப் பார்வை' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இன்றைய வேலை அளவு பிடிப்பது. அதற்குத் தெரிந்த விளக்கு ஒன்று வேண்டும். எல்ஈடி சரிவராது, முழுநீள நாடாவாக விழும். பழைய சுருள் பல்ப் (சிஎஃப்எல்) என்றால் ஊதா, பச்சை, சிவப்பு எனத் தனித்தனியாக விழும். இந்தக் கரையில் இன்னும் சுருள் பல்ப் வைத்திருக்கும் ஒரே படகு றெஜினாவின் அப்பாவுடையது. அன்ரன் அங்கிள் படகைக் கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தி, எங்களுக்காக அதைக் கொளுத்தினார். கரைக்கு வந்ததும் கேட்டார்:

"என்ர லைற்றைப் படம் பிடிச்சு என்ன செய்யப் போறியள், பிள்ளை?"

"உங்கட லைற்றை வைச்சுத்தான் அங்கிள் நட்சத்திரத்தை அளக்கிறம்."

"கேட்டியே றெஜி, நட்சத்திரத்துக்கு நான்தான் படிக்கல்லு."

"அப்பா, ரண்டாந்தரமும் போங்கோ. லைற்றை ஆட்டிப்போட்டியள். கதைச்சது காணும்."

அவர் மகளுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பப் போனார்.

வீட்டில் அம்மா: "இருட்டுப்படக் கடற்கரையில ரண்டு குமர்ப்பிள்ளையளுக்கு என்ன வேலை? சோதினை முடிய வானத்தைப் பாக்கலாம். அது எங்கையும் ஓடாது."

ஓடும் என்று சொல்லவில்லை.

மே 4, திங்கள்

முகில். படம் இல்லை. இரசாயனவியல் 61. றெஜினா 78. வீட்டில் மேசையில்லை, கரையில் ஏற்றி வைத்த படகுக்குள் இருந்து படிக்கிறாள், எப்போதும் அவளுக்குத்தான் கூடப் புள்ளி.

மே மாதம் மாதாவுக்குரியது. கோயிலில் ஒவ்வொரு மாலையும் செபமாலை, ஏழேகாலுக்கு மேல்தான் முடியும். மாதம் முழுக்க ஒரு நாளும் விடாமல் வருவதாக றெஜினா நேர்ந்திருக்கிறாளாம், சோதனைக்காக.

"ஒரு நாள் லீவு கேளன், மாதாவிட்ட."

"நீ முதல்ல உன்ர பிள்ளையாரிட்டச் சொல்லி முகிலைக் கலை. பிறகு என்ர மாதாவோட கதைப்பம்."

நாளை நான் தனியே தொடங்குவது, அவள் முடிந்ததும் ஓடி வருவது என்று முடிவு.

மே 5, செவ்வாய்

தெளிவு. கடைசியில்.

அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். தானும் நின்றார், தள்ளி, போனைப் பார்த்தபடி. நாங்கள் போய்ச் சேர முன்பே படகுகள் போய்விட்டன.

உரோகிணி 6 படம். மிகத் தாழ்வு, புழுதி, உதவாது.
திருவாதிரை 6 படம். பட்டை பட்டையாக இருள். நல்லது.
றைஜல் 10 படம், ப.13 முதல் ப.22 வரை.

றைஜல் மிக நன்று. எங்கள் ஊரில் நட்சத்திரங்கள் அநேகமாகச் செங்குத்தாக இறங்குவதால் நாடா தானாகவே அகலப்படுகிறது. ஐதரசனின் கறுப்புக் கோடு மூன்று. எண்ணூற்றுச் சொச்சம் வருடம் பழைய ஒளி மாஜரீன் மூடிக்குள்.

ப.14 முதல் ப.19 வரை அடியில், கடல் மட்டத்தில், யாரோ ஒருவரின் படகு விளக்கு. நாடாவைத் தொடவில்லை, ஆனாலும் எரிச்சல். வெட்டிவிட வேண்டும்.

7.40க்கு றெஜினா, செபமாலை கையில் சுற்றியபடி, மூச்சிரைக்க. கமெராவின் சின்னத் திரையில் கோடுகளைக் காட்டினேன். என் தோளில் கிள்ளினாள். மகிழ்ச்சியானால் கிள்ளுவாள்.

எட்டு மணிக்கு மேற்கில் மின்னல், உடனே காற்று. முக்காலி சரிய நான் கமெராவைப் பிடித்தேன், அவள் முக்காலியைப் பிடித்தாள். வீட்டுக்கு வருவதற்குள் நனைந்துவிட்டோம். மழை பெரிதாக அரை மணி நேரம்.

மே 6, புதன்

றெஜினா பள்ளிக்கூடம் வரவில்லை. இடைவேளையில்தான் தெரிந்தது. மற்றப் படகுகள் எல்லாம் இரவே கரைக்கு ஓடி வந்துவிட்டன. அன்ரன் அங்கிள் வரவில்லை. நேற்று அவருடைய கூட்டாளிக்குக் காய்ச்சல், தனியாகப் போயிருக்கிறார்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் அப்பாவைப் போனில் கூப்பிட்டு அவரோடு கரைக்குப் போனேன். கரையில் பெண்கள் கூட்டமாக. றெஜினா மட்டும் முழங்கால் தண்ணீரில், சீருடையோடு. காலையில் பள்ளிக்கூடம் வரத்தான் வெளிக்கிட்டிருக்கிறாள்.

ஆண்கள் பேசியது:

"நயினாதீவுக்கு அங்கால போறன் எண்டுதான் முந்தநாள் சொன்னவன்."

"இல்லை, நெடுந்தீவுப் பக்கம் றால் வலையில படுகுது எண்டு என்னட்டச் சொன்னவன்."

"போன்?"

"அடிக்குதில்லை."

வலது பக்கம் நயினாதீவு, இடது பக்கம் நெடுந்தீவு, நடுவில் வெறும் கடல். விடியற்காலையிலிருந்து எல்லாத் திசையிலும் தேடியிருக்கிறார்கள். கடற்படைப் படகும் சுற்றுகிறது. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் நினைவு வந்தது. ப.14 முதல் ப.19 வரை.

அப்பா வீட்டுக்குப் பறந்து லப்ரொப்பைக் கொண்டு வந்தார். கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்து மேசையில் வைத்துப் பெரிதாக்கினேன். ப.15. மேலே றைஜலின் நாடா. கீழே கடல் மட்டத்தில் மூன்று துண்டு: ஊதா, பச்சை, சிவப்பு. தனித்தனியாக. நேரம் 7.31.

றெஜினா என் தோளுக்கு மேலால் குனிந்தாள். "அப்பாட லைற்" என்றாள். அவளுடைய குரல் போல் இல்லை.

சங்கத் தலைவர் சவரிமுத்தர் எல்லாரையும் விலக்கினார். "எந்த இடம் எண்டு காட்டு பிள்ளை. கடலில காட்டு."

படத்தின் வலது ஓரத்தில் நயினாதீவின் கடைசி விளக்கு இருந்தது. அதிலிருந்து இடப்பக்கம் ஒரு பொத்திய கை அகலம். கரையில் நேற்று நின்ற அதே இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி அளந்து காட்டினேன். சவரிமுத்தர் என் கையோடு ஒரு துடுப்பை வைத்துப் பார்த்து, மண்ணில் கோடு கீறினார். "இந்தக் கோட்டில போங்கோடா."

நான்கு மணிக்கு ஐந்து படகு. கடற்படைக்கும் சொன்னார்கள். மற்றத் திசைகளில் தேடியவர்களையும் கூப்பிட்டு இந்தக் கோட்டில் விட்டார்கள். றெஜினாவின் அம்மா என் கையைப் பிடித்துக் கொஞ்சினா. ஒருவர் பின்னால், "நட்சத்திரம் பாக்குதுகள் எண்டு பகிடி பண்ணினமே" என்றார்.

பெருமையாக இருந்தது. இது எனக்கு மட்டுமான கொப்பி, ஆகவே எழுதுகிறேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழு மணிக்குப் படகுகள் வெறுமனே திரும்பின. விடிய மறுபடி, அதே கோட்டில், இன்னும் தூரம். வானம் தெளிவு. கமெராவை எடுக்கவில்லை.

மே 7, வியாழன்

காலை 7.00. செய்தி இல்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் றைஜலை அளக்கத் தொடங்கினேன்.

பதிவுக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் முதல் வரி ஒன்றுதான். செவ்வாய்க்கிழமைக்கும் அதே வரி, என்னுடைய கையெழுத்து: 'கமெரா நட்சத்திரத்துக்கு வலப்புறம், ஒரு சாண்.'

வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். திரும்பி வந்தேன்.

நட்சத்திரம், படகு விளக்கு என்ற வித்தியாசம் தாளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரு சாண் பக்கத்தில் எறியும். நான் காட்டிய இடத்தில் விளக்கு இருக்கவில்லை. விளக்கின் நி.மா.தான் இருந்தது. நயினாதீவு விளக்கு நேராகத் தெரிந்த புள்ளி. அந்த உண்மையான இடத்திலிருந்து ஒரு பொய்யான இடத்தை அளந்து கொடுத்திருக்கிறேன்.

நீல முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் விளக்கு. ஒக்ரோபரில் படித்த முதலாவது பாடம். ப.15ஐத் திறந்தேன். ஊதா இடது பக்கம். ஆகவே விளக்கு இன்னும் இடப்பக்கம், ஒரு சாண் தள்ளி, படத்துக்கு வெளியே. நெடுந்தீவுக்கு வடக்கே.

அந்தத் தூரத்தில் ஒரு சாண் என்பது இரண்டு மூன்று கிலோமீற்றர்.

முற்றத்துக்கு ஓடினேன். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். சொன்னேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லு, தர்சி. திரும்பவும் பிழைச்சால்?"

"பிழைக்காது."

ஒரு கன்னத்தில் சவர்க்காரத்தோடு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

எட்டரைக்குச் சங்கத்தில் சவரிமுத்தர் மட்டும் இருந்தார். தாள், சாண், நீல முனை என்று ஏதேதோ சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னேன்: "ஐயா, நேற்று நான் காட்டினது பிழை. ஒரு சாண் இடப்பக்கம் காட்டியிருக்கோணும்."

என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "சரி" என்றார். வெளியே போய்ப் படகுகளுக்குப் போன் எடுத்தார். அங்கே நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "காத்து இழுத்திருக்கும். நெடுந்தீவுப் பக்கமும் ஒருக்கால் பாப்பம்" என்றார்.

றெஜினா கரையில் இல்லை. காலையிலிருந்து கோயிலில் என்றார்கள்.

11.40. கண்டுவிட்டார்கள்.

படகு நிறையத் தண்ணீர், முன்பக்க அணியம் மட்டும் மேலே. நங்கூரம் பிடித்தபடியே இருந்ததாம். காற்று எங்கும் இழுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விளக்கு எரிந்த இடத்திலேயே இரண்டு நாளும். அங்கிள் இடுப்பில் கயிறு கட்டி அணியத்தோடு தன்னைப் பிணைத்திருந்தார்.

இறங்குதுறையில் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். தூக்கி வந்த இளைஞர் இருவர் கதைத்தது காதில் விழுந்தது.

"உடம்பு ஊறேல்லையடா. இண்டைக்கு விடியத்தான் உயிர் போயிருக்கோணும்."

"வாயை மூடு. பொம்பிளையள் நிக்கினம்."

புதன் 4.00 படகுகள் போனது.
ஒரு மணி நேர ஓட்டம்.
புதன் 5.00.
வியாழன் விடிய.

மே 8, வெள்ளி

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வரவில்லை. சோழகம் பிடித்துவிட்டது, வாசல் படலையை இரவு முழுக்க அடித்தபடி.

அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து பக்கத்தில் இருந்தா. கடற்கரைக்குப் போகாதே என்று சொல்லும் அம்மா. "நீ இல்லாட்டி உடம்பெண்டாலும் கிடைச்சிருக்காது" என்றா. அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா பிறகு, தனியாக: "சவரி அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டார். நீயும் விடு. விடியத்தான் எண்டு பெடியள் சொல்லுறது, டொக்டரோ சொன்னவர்? அந்தப் பிள்ளைக்கு இனி இதைத் தெரிஞ்சு என்ன?"

அப்பா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் றெஜினா மற்றவர்களைப் போல் இல்லை. கள்ளப் பார்வை என்று பெயர் வைத்தவளே அவள். ப.15ஐ என்னோடு சேர்ந்து பார்த்தாள். நான் அளந்தபோது பக்கத்தில் நின்றாள். அவளும் மறந்தாள். என் பிழையைச் சொன்னால் அவளுடைய பிழையையும் சொன்னதாகும். அவளுடைய அப்பாவுக்கு அவள் செய்த பிழை. அதை எப்படி ஒரு மகளுக்குச் சொல்வது?

சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க எனக்கு நன்றி சொல்வாள்.

மே 9, சனி

அடக்கம். கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள்.

றெஜினாவின் அம்மா வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினா. "இந்தப் பிள்ளைதான். படத்தில என்ர மனிசன்ர லைற்றைக் கண்டுபிடிச்சது இந்தப் பிள்ளைதான்." ஒரு கிழவர் என் தலையில் கை வைத்தார். பிரசங்கத்தில் சுவாமி, பிள்ளைகளின் படிப்பு ஒரு குடும்பத்துக்கு எப்படி உதவியது என்று சொன்னார். சவரிமுத்தர் முன் வரிசையில் இருந்தார். தலையைக் குனிந்தபடி.

றெஜினா என்னை ஒரு தடவையும் பார்க்கவில்லை. கண்கள் வீங்கியிருந்தன, அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

சேமக்காலையில், குழியடியில், மணல் நல்ல வெள்ளை. ஏன் இதைக் கவனித்தேன் தெரியவில்லை.

மே 10, ஞாயிறு

ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவினேன். உயிரியல் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா வந்தபோது, தண்ணீரில் ஒருவர் எத்தனை மணி நேரம் தாங்குவார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

முடிவு: நாளை சொல்கிறேன். என் பங்கை மட்டும். அவளும் பார்த்தாள் என்பதை வாயால் எடுக்கமாட்டேன். அவள் கெட்டிக்காரி, தானாகவே விளங்கிவிடும். தெரிந்துதான் செய்கிறேன்.

மே 11, திங்கள்

பள்ளிக்கூடம் முடிய நேரே அவள் வீட்டுக்கு. உள்ளே மன்னாரிலிருந்து வந்த சொந்தக்காரர். றெஜினா பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். வாளி நிரம்பி வழிந்தது. அவள் குழாயைப் பூட்டவில்லை. நான்தான் பூட்டினேன்.

"றெஜி, அந்தப் படத்தில நான்..."

"தெரியும்."

வாளியைக் குழாயடியிலிருந்து தள்ளி வைத்தேன்.

"ஒரு சாண்" என்றாள். "தெரியும் எனக்கு."

"எப்ப தெரியும்?"

உள்ளே யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

"புதன்கிழமை. செபமாலை சொல்லேக்க."

புதன்கிழமை மாலை. நான் கண்டுபிடிக்க ஒரு முழு இரவு முன்பு.

"போட் எல்லாம் வந்திட்டுது. இருட்டில ஒருத்தரும் போகமாட்டினம் எண்டு நினைச்சன். விடிய எழும்பிச் சொல்லுவம் எண்டு படுத்தனான். எழும்ப அஞ்சரை. போட் போயிட்டுது." வாளியின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பிறகு சவரி ஐயாவிட்டப் போனனான். சங்க வாசல் வரைக்கும் போனனான். எல்லாரும் உன்னைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு நிண்டவை. உந்தப் பிள்ளை இல்லாட்டி எண்டு. நீ பிழையாக் காட்டினனி எண்டு அதுக்குள்ள எப்படிச் சொல்லுறது? அந்தக் கோட்டிலயே அப்பா இருந்திடோணும் எண்டு நேர்ந்தனான். கோயிலுக்குப் போயிட்டன்."

அஞ்சரை. நான் சொன்னது எட்டரை.

என்னால் அழக்கூட முடியவில்லை. அவள் அழவில்லை. அவளுடைய கையைப் பிடித்தேன், ஈரம். கையை எடுக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

குசினிக்குள் கோப்பைச் சத்தம். அவளுடைய அம்மா, "தர்சி வந்திருக்கிறாளோ? இரு பிள்ளை, தேத்தண்ணி கொண்டு வாறன்."

"அம்மாவுக்குச் சொல்லாதை" என்றாள் றெஜினா.

"எதை?"

"ரண்டையும்."

அன்ரி மூன்று கோப்பை கொண்டு வந்தா. எனக்குத்தான் முதலில் தந்தா.